அப்பாவின் ஜீப்பை விற்கலாம். அதன் மேலுள்ள துப்பாக்கியைத் தொடாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார். அப்பா காலமாகி நான்கு மாதம் ஆகிறது. கராஜில் அவர் ஆசை ஆசையாகப் புதுப்பித்த 1944 ஃபோர்டு ஜிபிடபிள்யூ, அதாவது உலகப் போர்க் கால ராணுவ ஜீப், நிற்கிறது. பின்பக்கம் ஒரு இரும்புத் தாங்கி, அதன் மேல் பிரௌனிங் மெஷின் கன். “அது சுடாதும்மா” என்று அப்பா சொல்வாராம். லைசென்ஸ் எதுவும் கண்ணில் படவில்லை. அத்தான் ஒரு ஏஜென்ட்டை அழைத்து வந்திருக்கிறார். வண்டியையும் துப்பாக்கியையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன், பிரிட்டோரியாவில் பேப்பரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாராம். அது சரிப்படாவிட்டால் துப்பாக்கியைக் கழற்றி, தெரிந்த வெல்டரிடம் கொடுத்துக் குழாயை அடைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: அம்மா, வெல்டரிடம் கொடுக்காதீர்கள். ஏஜென்ட்டிடமும் கொடுக்காதீர்கள். கராஜைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அத்தான் நல்ல எண்ணத்தோடுதான் அந்த ஆளை அழைத்து வந்திருப்பார். ஆனால் போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அத்தான் அல்ல, வீட்டில் துப்பாக்கியை வைத்திருப்பவர்.

உங்கள் அப்பா விட்டுச்சென்றது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஜீப் என்பது ஒரு பழைய மோட்டார் வண்டி, அவ்வளவுதான். பேப்பர் சரியாக இருந்தால் யாரும் வாங்கலாம், விற்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு கண்காட்சிக்குப் போகலாம். மேலே இருப்பதற்குச் சட்டமே வேறு. இரண்டையும் ஒரே விலை பேசி ஒரே மூச்சில் முடித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும், அவருக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தென்னாப்பிரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் சட்டம். 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 4-ஆம் பிரிவு சில ஆயுதங்களை அடியோடு தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பதே தானாகத் தொடர்ந்து சுடும் துப்பாக்கி. உங்கள் கராஜில் இருப்பது அந்த இனம். பழையது, உலகப் போர்க் காலத்தது, தாத்தா காலத்துச் சாமான் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. ‘பழம்பொருள்’ என்று சட்டம் விட்டுவைத்திருப்பது 1900-க்கு முன் செய்த, குழாய் வாய்வழியாக மருந்து அடைக்கும் துப்பாக்கிகளை. 1944-இன் பிரௌனிங் அதில் சேராது.

அடுத்து, ஏஜென்ட்டுகளுக்கு மிகவும் பிடித்த பொறி. “அக்கா, துப்பாக்கிக்குள் இருக்கும் போல்ட்டைக் கழற்றிவிடலாம். பிறகு அது வெறும் இரும்பு. குழாயைத் தனியாக, உடலைத் தனியாக விற்றுவிடலாம்.” இதை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதே 4-ஆம் பிரிவு மெஷின் கன்னின் சட்டகம், உடல், குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. துண்டு துண்டாக்கினால் ஒரு தடைப்பொருள் மூன்றாகும், அவ்வளவே. அதோடு நிற்கவில்லை: அசல்போலவே தெரியும் போலியும் அதே பட்டியலில் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்து இது பொம்மை என்று சொல்ல முடியாத எதுவும் சிக்கல்தான். ஆகவே ‘அசலை நான் எடுத்துக்கொண்டு டம்மி ஒன்று மாட்டித் தருகிறேன்’ என்ற பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, அப்பா சொன்ன “அது சுடாது” என்ற வார்த்தைக்கு வருவோம். உங்களுக்கு வழி ஏதும் இருக்கிறதென்றால் அது இங்கேதான் இருக்கிறது. விதிப்படி நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கியை 5-ஆம் பிரிவு துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை. அப்பா அப்படி முறையாகச் செய்திருந்தால் உங்கள் கவலையில் பாதிக்கு மேல் இன்றே தீர்ந்துவிடும். ஆனால் ‘சுடாது’ என்பது வேறு, ‘விதிப்படி செயலிழந்தது’ என்பது வேறு. ஸ்பிரிங் போய்விட்டதால் சுடாத துப்பாக்கி இருக்கிறது. தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் இல்லாததால் சுடாதது இருக்கிறது. குழாய்க்குள் ஈயத்தை ஊற்றி அடைத்தது இருக்கிறது. இவை ஒன்றையும் சட்டம் ஏற்காது, ஏனென்றால் விஷயம் தெரிந்தவன் ஒரு மதியப் பொழுதில் இவற்றைச் சரிசெய்துவிடுவான். மீண்டும் உயிர் கொடுக்கவே முடியாதபடி, பதிவு பெற்ற கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி வேலை செய்பவர், ஒருவர் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். அவர் எழுதித் தந்த சான்றிதழும், அதில் இந்தத் துப்பாக்கியின் எண்ணும் இருக்க வேண்டும். சான்றிதழில் ஒரு எண், துப்பாக்கியில் வேறு எண் என்றால் அந்தக் காகிதத்தால் பயனில்லை. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கொடுத்த சான்றிதழ் ஜீப்போடு வந்தது என்று சிலர் பெருமையாக நீட்டுவார்கள். அதைக் காட்டி இங்கே தப்பிக்க முடியும் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே முதல் வேலை தேடுவது. அப்பாவின் பெட்டி, அலமாரி, ஜீப்பின் ரசீதுகளை வைத்திருக்கும் கோப்பு எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள். கன்ஸ்மித்தின் சான்றிதழ், போலீஸ் முத்திரையுள்ள லைசென்ஸ், ஆயுதச் சேகரிப்பாளர் சங்கம் எதுவோ அனுப்பிய கடிதம், இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலும் கதை மாறும். சேகரிப்பாளராக அங்கீகாரம் பெற்றவர்கள் 17-ஆம் பிரிவின் கீழ் இப்படிப்பட்ட ஆயுதத்தையும் வைத்திருக்கலாம். உங்கள் அப்பா அப்படி ஒருவராக இருந்திருக்கலாம். ஆனால் அந்த உரிமை அவரோடு முடிந்தது. மகளுக்குத் தானாக வராது.

தேடும்போது ஜீப்பின் பின்புறத் தகரப் பெட்டிகளையும் கவனியுங்கள். பெல்ட்டோடு தோட்டா இருந்தால் எண்ணிப் பார்க்கக்கூட வேண்டாம், மூடிவிடுங்கள். துப்பாக்கியில் பெல்ட் செருகியிருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

துப்பாக்கியில் பெல்ட் இல்லை என்றால், தொடாமல் ஒரு போட்டோ எடுங்கள். துளை துளையான உறைக்குள் குழாய் இருக்கும், அதற்குப் பின்னால் செவ்வகப் பெட்டிபோல உடல். அதன் வலப்பக்கத் தகட்டில்தான் எண் பொறித்திருப்பார்கள். அது தெளிவாகத் தெரியட்டும். துடைக்காதீர்கள், பெயின்ட் சுரண்டாதீர்கள். எண்ணை யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். இன்னொரு விஷயமும் அந்த எண்ணிலிருந்து தெரியும். போர்க் காலத்து அமெரிக்கத் துப்பாக்கிதானா, அல்லது நம் ராணுவம் 7.62 தோட்டாவுக்கு மாற்றி எலாண்ட், ராட்டல் கவச வண்டிகளில் பொருத்திய பிரௌனிங்கா என்பது. இரண்டாவது வகை என்றால் அது எப்படி முகாமை விட்டு வெளியே வந்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்லக் கூடாது.

காகிதம் எதுவும் கிடைக்கவில்லை என்றால், போலீஸுக்கு முன் வக்கீல். செலவு என்று பார்க்காதீர்கள். 1997-ஆம் ஆண்டின் 105-ஆம் எண் சட்டப்படி, தானாகச் சுடும் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் முதல் குற்றத்துக்கே 15 ஆண்டு குறைந்தபட்சத் தண்டனை. வலுவான காரணம் இருந்தால்தான் நீதிமன்றம் அதைக் குறைக்கும். இறந்துபோன தகப்பனின் கராஜில் கண்டெடுத்து உடனே தகவல் சொன்ன மகளை யாரும் கொள்ளைக்காரியாகப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த ‘உடனே’ எழுத்தில் இருக்க வேண்டும். இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம், அப்பாவின் சொத்தை நிர்வகிக்கும் எக்ஸிகியூட்டராக யாரை நியமித்ததோ அவர் பெயரில், வக்கீல் மூலம், உங்கள் ஸ்டேஷனில் துப்பாக்கிப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிக்குக் கடிதம் போகட்டும். வந்து எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். நீங்களே காரில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள்; வழியில் ரோடு பிளாக் ஒன்றில் நிறுத்தினால் உங்கள் நல்லெண்ணத்தை அங்கே யாரிடம் விளக்குவீர்கள்? எடுத்துப் போகும்போது எண்ணோடு, தேதியோடு, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு திருகாணிகூடக் கராஜை விட்டு வெளியே போகக் கூடாது.

‘அம்னஸ்டி வரும், அதுவரை ஒளித்து வை’ என்றும் ஏஜென்ட் சொல்வார். 2019 டிசம்பரிலிருந்து 2020 மே வரையும், பிறகு 2020 ஆகஸ்டிலிருந்து 2021 ஜனவரி வரையும் பொது மன்னிப்பு இருந்தது உண்மை. இப்போது ஏதும் இருக்கிறதா என்பதை வக்கீல் ஒரே போனில் தெரிந்து சொல்வார். இனி ஒன்று வரும் என்று நம்பி மெஷின் கன்னைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க முடியுமா?

இந்த ஏஜென்ட்டுகள் பிழைப்பதற்குக் காரணமே நம் நிர்வாகம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக மனுப் போட்டவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். போனை எடுப்பவர் இல்லை. ஒரு கவுன்டரில் ஏற்ற நகலை அடுத்த கவுன்டரில் ஏற்பதில்லை. கொடுத்த காகிதத்தையே மறுபடி கேட்கிறார்கள். சட்டம் தெளிவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை நடத்துகிறவர்கள் மக்களை அலையவிட்டு அலையவிட்டு, கடைசியில் ‘பிரிட்டோரியாவில் எனக்கு ஆள் இருக்கிறது’ என்பவனின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம். ஆனாலும் சொல்கிறேன், தடைப் பட்டியலில் உள்ள ஆயுதத்துக்கு எந்த ஆளாலும் உங்கள் பெயரில் பேப்பர் வாங்கித் தர முடியாது. அவர் தருவது போலி, அல்லது தராமலே போவார். இரண்டிலும் பணம் உங்களுடையது.

வெல்டர் விஷயத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். இப்போது எதையாவது அடைத்தால் அது செயலிழப்பு ஆகாது, தடயத்தைக் கெடுத்ததாகத்தான் பார்ப்பார்கள். நல்ல கன்ஸ்மித்கூட லைசென்ஸ் இல்லாத மெஷின் கன்னை உங்கள் கையிலிருந்து நேரடியாக வாங்க மாட்டார். வாங்குகிறேன் என்பவர் நல்ல கன்ஸ்மித் அல்ல.

துப்பாக்கி போனால் ஜீப்பின் மதிப்பே போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். தரையில் மூன்று கால்களோடு போல்ட் போட்டிருக்கும் அந்தத் தாங்கி, எம்31 என்று பெயர், வெறும் இரும்பு வேலைதான், ஆயுதம் அல்ல. அதை எடுக்கவிடாதீர்கள். போலீஸ் துப்பாக்கியை மட்டும் இறக்கட்டும். அசல் தாங்கியோடு இருக்கும் ஜீப்பை விஷயம் தெரிந்தவர்கள் தேடி வாங்குவார்கள்.

விற்பதற்கு முன் சேஸி எண்ணைப் பாருங்கள். ஃபோர்டில் அது முன்பக்கம் சேஸியின் இடது சட்டகத்தின் மேல்முகத்தில் நேராக அடித்திருக்கும். இதே ஜீப்பைச் செய்த இன்னொரு கம்பெனியான வில்லீஸ் என்றால் சேஸிச் சட்டகத்தின் உட்புறம் ஒரு தகடு ஆணியடித்திருக்கும். ஃபோர்டின் போல்ட் தலைகளில் ‘எஃப்’ எழுத்தும் இருக்கும். டேஷ்போர்டில் பளபளக்கும் தகட்டை நம்பாதீர்கள், அதைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். சேஸி எண், எஞ்சின் எண் இரண்டும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். புதுப்பித்த வண்டிகளில் ஃபோர்டு சேஸியில் வில்லீஸ் எஞ்சின் உட்கார்ந்திருப்பது சாதாரணம், அதில் தப்பில்லை. போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவைத் திருத்திக்கொண்டால் போதும். பிறகு வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோடுவொர்தி சான்றிதழ் எடுத்து, எக்ஸிகியூட்டர் கையெழுத்தோடு மாற்றிக் கொடுங்கள். விற்பனைத் தாளில் “வாகனமும் தாங்கியும் மட்டும், ஆயுதம் எதுவும் சேராது” என்று ஒரு வரி எழுதி, வாங்குபவரிடம் அதன் பக்கத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.