ஆற்றில் கழுவிய ஞானஸ்நானம்

அன்புள்ள ஐயா,

சிலுவைப்போர் என்றாலே ஜெருசலேம்தான் என்று நினைத்திருந்தேன். வடக்கே பால்டிக் கரையிலும், இன்றைய லாத்வியா, எஸ்தோனியா பகுதிகளில், போப்பின் ஆசியோடு சிலுவைப்போர் நடந்தது என்பதை அண்மையில் ஒரு கூட்டத்தில்தான் கேள்விப்பட்டேன். லீவ் என்ற அந்நிலத்து மக்கள் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, அப்புறம் ஆற்றில் இறங்கிக் குளித்து அதைக் கழுவிவிட்டார்கள் என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் உண்மையிலேயே அவ்வளவு வெள்ளந்தியானவர்களா? அல்லது அவர்களை ஏளனம் செய்ய யாரோ கட்டிய கதையா? எழுதியவரை எவ்வளவு நம்பலாம்?

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

உங்களுக்குச் சிரிப்பு வராதது சரிதான். அந்தக் குளியலுக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் அந்த அரங்கமும் சிரித்திருக்காது.

1180களில் மைன்ஹார்ட் என்ற வயதான ஜெர்மானியத் துறவி, வணிகர்களோடு சேர்ந்து தௌகவா ஆற்றங்கரைக்கு வருகிறார். இக்ஷ்கிலே என்ற ஊரில் ஒரு தேவாலயம் கட்டுகிறார். அந்தக் குளிர்காலத்தில் லித்துவேனியர்கள் படையெடுத்து வந்து சூறையாட, லீவ் மக்களோடு அவரும் காட்டுக்குள் ஓடி ஒளிகிறார். ஆபத்து நீங்கியதும் அவர்களிடம் ஒரு யோசனை சொல்கிறார்: நீங்கள் ஞானஸ்நானம் பெறுங்கள், நான் உங்களுக்குக் கல்கோட்டை கட்டித் தருகிறேன். அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். அடுத்த கோடையில் காட்லாந்து தீவிலிருந்து கல்தச்சர்கள் வருகிறார்கள். கோட்டை எழும்புவதற்கு முன்பே சிலர் ஞானஸ்நானம் பெறுகிறார்கள், மற்றவர்கள் முடிந்ததும் பெறுவதாக வாக்குக் கொடுக்கிறார்கள்.

அந்த நாட்டில் அதுவரை மரக்கோட்டைதான். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து செம்கல்லியர்கள் பெரிய கயிறுகளோடு வந்து அந்தக் கோட்டையை அப்படியே ஆற்றுக்குள் இழுத்துப் போட முயன்றார்கள் என்று பதிவாகியிருக்கிறது. எதிரிகள் சூழ்ந்த ஆற்றங்கரையில் அப்படியொரு சுவர் உயிரைக் காப்பாற்றும் பொருள். அதற்கு விலையாகக் கேட்கப்பட்டது தலையில் கொஞ்சம் தண்ணீர். கோட்டை முடிந்ததும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பழைய வழிக்குத் திரும்பினார்கள், பெறாதவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹோல்ம் என்ற ஆற்றுத்தீவு மக்களும் இதேபோல வாக்குக் கொடுத்து, கோட்டை வாங்கிக்கொண்டு விலகினார்கள். அந்த வேளையில்தான் முதல் குளியல் நடக்கிறது. தண்ணீரால் வந்ததைத் தண்ணீராலேயே கழுவி ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்று எண்ணினார்களாம்.

இதை வெள்ளந்தித்தனம் என்று நான் படிக்கவில்லை. சடங்கால் வந்த உறவை இன்னொரு சடங்கால் முறிக்கிறார்கள். உடன்படிக்கை முடிந்தது என்று ஊரறியச் சொல்லும் முறை அது. வாக்குத் தவறினார்கள் என்று மைன்ஹார்ட் வருந்தியதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாங்கள் செய்துகொண்டது மீளவே முடியாத ஒப்பந்தம் என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

ஏனென்றால் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. விருப்பமில்லாதவருக்கு வலிந்து ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. ஆனால் ஒருமுறை பெற்றுவிட்டால் அதை விடவும் கூடாது, விட்டால் வற்புறுத்தித் திரும்பக் கொண்டுவரலாம். மிரட்டலுக்குப் பயந்து பெற்றவரையும், கடைசிவரை மறுத்து நிற்காவிட்டால், சம்மதித்தவராகவே கொள்ளலாம் என்று போப் மூன்றாம் இன்னொசென்ட் 1201இல் ஒரு கடிதத்தில் எழுதினார். லீவ் மக்களின் நிலமான லிவோனியாவைப் பொறுத்தவரை அதற்கு முன்பே முடிவு எடுத்தாகிவிட்டது. மைன்ஹார்டின் முறையீட்டைக் கேட்ட அன்றைய போப், அம்மக்கள் தாமாக முன்வந்து வாக்களித்த விசுவாசத்தைக் காக்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்கிறார். சிலுவை ஏற்று அங்கே போகிறவர்களுக்குப் பாவ மன்னிப்பும் உண்டு. லிவோனியாவுக்குப் போன படைகளுக்கு இந்தத் தர்க்கம்தான் கதவைத் திறந்துவிட்டது. ‘தாமாக’ என்ற அந்த ஒரு சொல்லின் மேல் எத்தனை ஊர்கள் எரிந்தன என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மைன்ஹார்ட் 1196இல் இறந்தார். அடுத்த ஆயர் பெர்த்தோல்டு முதலில் படையில்லாமல் வந்து, விருந்தும் பரிசும் கொடுத்துப் பார்த்தார். இவரை எரிப்பதா, வெட்டுவதா, மூழ்கடிப்பதா என்று லீவ் மக்கள் பேசிக்கொள்வது காதில் விழ, ரகசியமாகக் கப்பலேறிப் போனார். 1198இல் படையோடு திரும்பினார். போருக்கு முன் லீவ் மக்கள் அனுப்பிய செய்தியைக் கவனியுங்கள்: படையைத் திருப்பி அனுப்பிவிட்டு நீங்கள் சமாதானமாக உங்கள் ஆலயத்துக்குப் போங்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களை அதைக் கடைப்பிடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துங்கள், மற்றவர்களை அடியால் அல்ல, சொல்லால் அழையுங்கள். வெள்ளந்திகள் பேசும் பேச்சா இது? எதிராளியின் சட்டத்தையே எடுத்து அவர் முன்னால் வைக்கிறார்கள்.

பெர்த்தோல்டு கேட்கவில்லை. பிணைக்கைதிகளைக் கேட்டார். ஜூலை 24 அன்று அவருடைய குதிரை கட்டுக்கடங்காமல் எதிரிகள் நடுவே ஓட, இமாவுத் என்ற லீவ் வீரன் அவரை ஈட்டியால் குத்திக் கொன்றான். கோபத்தில் ஜெர்மானியர்கள் விளைந்த வயல்களை அழித்தார்கள். வேறு வழியில்லாமல் லீவ் மக்கள் பணிந்தார்கள். முதல் நாள் ஹோல்மில் சுமார் 50 பேர், மறுநாள் இக்ஷ்கிலேயில் சுமார் 100 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கப்பல்கள் பாய் விரித்த உடனே மறுபடியும் ஆற்றில் குளியல். இந்த முறை, போகிறவர்களில் யாரோ ஒரு மரக்கிளையில் செதுக்கி விட்டுப்போன மனிதத் தலையையும் பார்க்கிறார்கள். வெள்ளத்தையும் கொள்ளைநோயையும் கொண்டுவரும் அந்நியர்களின் தெய்வம் என்று நினைத்து, அதைக் கட்டைகளில் வைத்துக் கட்டி, கப்பல்களின் பின்னால் மிதக்கவிடுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதியவர் லிவோனியாவின் ஹென்ரி. 1205இல் இளைஞனாக அங்கே வந்து, பிறகு அங்கேயே பங்குக் குருவானவர். ஆக, மேலே சொன்ன குளியல்கள் எதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டறிந்து, கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து லத்தீனில் எழுதினார். ‘அடியால் அல்ல, சொல்லால்’ என்பதிலுள்ள சொல்விளையாட்டுகூட லத்தீனில்தான் அமையும், சொல் அவருடையது. சாரம் அவர்களுடையது என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் தன் தரப்பு ஆயரின் செயலைக் கேள்விக்குள்ளாக்கும் வாதத்தை எதிரியின் வாயில் வைக்க ஹென்ரிக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் முழுக்க முழுக்க, அந்நிலத்து ஜெர்மானியரின் தலைமையிடமான ரீகாவின் ஆயருடைய ஆள். அதனால் அவருடைய தீர்ப்புகளை நான் ஒதுக்கிவிடுவேன், அவர் பார்த்ததை எடுத்துக்கொள்வேன். 1205-06 குளிர்காலத்தில் ரீகாவில் வேதாகம நாடகம் போடுகிறார்கள். அம்மக்களுக்குப் புரியட்டும் என்று மொழிபெயர்த்துச் சொல்ல ஆளும் உண்டு. கிதியோனின் வீரர்கள் பெலிஸ்தரோடு மோதும் காட்சி வந்ததும் லீவ் மக்கள் எழுந்து ஓடுகிறார்கள். அன்றைய ரீகாவில் ஆயுதத்தோடு ஓடிவரும் ஜெர்மானியனைப் பார்த்தால் யார்தான் ஓடமாட்டார்கள்!

தண்ணீர் உண்மையில் எதைக் குறித்தது என்பதை அறிய இன்னொரு நிகழ்ச்சி போதும். 1219இல் டேனிஷ் மன்னர் இரண்டாம் வால்டெமார் எஸ்தோனியாவின் வட கரையில் இறங்கிய பிறகு, ரீகாவின் குருமார்களுக்கும் டேனியர்களுக்கும் யார் முதலில் ஞானஸ்நானம் கொடுப்பது என்று போட்டி. யார் கையால் தண்ணீர் பட்டதோ அவருக்கே அந்த ஊர். ரீகாக்காரர்களிடம் ஞானஸ்நானம் பெற்று, மகனையும் பிணையாகக் கொடுத்த தபெலின் என்ற ஊர்ப் பெரியவரை டேனியர்கள் தூக்கிலிட்டார்கள். அவர் செய்த குற்றம் வேறொன்றுமில்லை.

1223இல் எஸ்தோனியர்கள் கிளர்ந்தபோது செய்ததை நான் மறக்கவே மாட்டேன். கிறிஸ்தவர்களானபோது விலக்கிவைத்திருந்த மனைவியரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தங்களையும், வீடுகளையும், கோட்டைகளையும் தண்ணீரும் துடைப்பமும் கொண்டு கழுவினார்கள். கல்லறைகளில் புதைத்திருந்த தங்கள் பிணங்களைத் தோண்டி எடுத்து, பழைய வழக்கப்படி எரித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அப்பா, அம்மாவின் எலும்பைக் கையில் எடுத்திருப்பார்கள், கே.! ஜெருசலேத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஹென்ரி தன் நூலை 1227இல் முடிக்கிறார். அந்த ஆண்டு ரீகாவின் படையினர் உறைந்த கடலின் மேல் நடந்துபோய் எஸ்தோனியாவின் சாரெமா தீவைப் பிடிக்கிறார்கள். வால்யாலா கோட்டையின் நடுவிலுள்ள ஊற்றை மந்திரித்து, ஒரு பீப்பாயில் நீர் நிரப்பி, முதலில் பெரியவர்களுக்கும் பிறகு ஆண், பெண், குழந்தைகளுக்கும் காலையிலிருந்து மாலைவரை ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். கூட்டம் அவ்வளவு நெருக்கியது, குருமார்கள் களைத்துப்போனார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதுகிறார்.