ஆச்சியும் 150 வயதும்

வணக்கம் அண்ணா,

மனிதன் 150 வயது வரை வாழ மரபணுவில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆச்சிக்குச் சொன்னேன். “உந்த முழங்காலோட இன்னும் எழுபது வருசமோ? வேண்டாமப்பு” என்றா. இதில் எவ்வளவு உண்மை? எங்கள் ஊருக்கு இது எதற்கு?

ச., ஒட்டுசுட்டான்

அன்புத் தம்பி,

வீடியோக்காரர் புழுவின் கதையை மனிதர் தலையில் கட்டிவிட்டார். 1993இல் அமெரிக்க விஞ்ஞானி சிந்தியா கென்யனின் குழு, 1 மில்லிமீட்டர் நீளமான ஒரு புழுவில் டாஃப்-2 என்ற ஒரேயொரு மரபணு மாறினால் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் போவதைக் காட்டியது. வழக்கமாக இரண்டு மூன்று கிழமையில் சாகிற புழு. மனிதரில் மரபணுவை மாற்றி ஆயுளைக் கூட்டிக் காட்டியவர் இன்னும் யாருமில்லை.

அதற்காகப் புழுவைத் தூக்கி எறியாதே. “சாப்பாடு இருக்கு, வளர், முட்டையிடு” என்ற இன்சுலின் வகைச் செய்தியை வாங்குவது டாஃப்-2. செய்தி குறைந்தால் உடலின் கலம் செலவைச் சுருக்கித் தன்னைப் பழுதுபார்க்கிறது. முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகத்தைச் சுருக்கிவிட்டு வாய்க்கால் துப்புரவாக்குவார்களே, அந்த மாதிரி. வருடம் முழுக்க விதைத்துக்கொண்டே இருந்தால் குளக்கட்டை யார் பார்ப்பது?

ராபமைசின் என்ற மருந்தும் இதே பக்கத்து வேலைதான். அது ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த பக்டீரியாவிலிருந்து வந்தது. அந்தத் தீவுக்குக் கனடியக் குழு புறப்பட்டது 1964இல். 64 என்றால் உன் ஆச்சி புயலைத்தான் சொல்லுவா. எங்கள் ஆச்சியின் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் போனபிறகு, “புயலடிக்கேக்க மூத்தவன் மடியில” என்பதை வைத்துத்தான் வயதைக் கணக்குப் போட்டோம். 2009 ஜூலையில், 600 நாள் வயதான எலிகளுக்கு ராபமைசினைக் கொடுக்கத் தொடங்கியும் ஆயுள் நீண்டது என்று அறிவித்தார்கள். அந்த ஜூலையில் நாங்கள் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். பல வருடம் கழித்து இதைப் படித்தபோது போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் இருந்தேன்.

மருந்தைத் தேடிப் போகாதே. சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுப்பது அது.

சரி, எங்களுக்கு எதற்கு? ஆச்சியின் முழங்காலுக்குத்தான். மற்றப் புழுக்கள் அசையாமல் கிடந்த வயதில் டாஃப்-2 மாறிய புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஆச்சியிடம் 150ஐ விட்டுவிட்டு, குளக்கட்டில் ஏறி இறங்க இன்னும் ஐந்து வருடம் தந்தால் வேண்டுமோ என்று கேட்டுப்பார். வேண்டாமென்று சொல்லமாட்டா.