ஓட்டல் பங்குகள்: சமூகப் பொறுப்பும் பெருநிதிகளின் கணக்கும்

வணிகவியல் மாணவி: சமூகப் பொறுப்புக்கு அதிகம் செலவிடும் ஓட்டல் நிறுவனங்களின் பங்குகளைப் பரஸ்பர நிதிகளும் ஓய்வூதிய நிதிகளும் விரும்பி வாங்குகின்றனவா?

பதில்: அந்தத் தொகையை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதாக நான் நினைக்கவில்லை. நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஒன்றை முந்தைய ஆண்டில் எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு கூறுகிறது. இது ஏறக்குறைய வரி கட்டுவதைப் போன்றதே. இதை வைத்து நிர்வாகத்தின் குணத்தை எடைபோட இயலாது.

சிறு முதலீட்டாளர்: என் ஓட்டல் நிறுவனம் 2022-23இல் லாபம் ஈட்டியும் மறு ஆண்டு ஒரு ரூபாய்கூடச் செலவிடவில்லை. இது விதிமீறலா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. பெருந்தொற்றால் 2020-21, 2021-22 ஆண்டுகளில் ஏற்பட்ட நட்டமும் கணக்கில் சேர்வதால் சராசரி சுழியத்துக்குக் கீழே போயிருக்கலாம். ஆண்டறிக்கையில் அக்கணக்கு இருக்கும்.

ஓட்டல் மேலாளர்: அப்படியானால் இந்த நிதிகள் எதைத்தான் பார்க்கின்றன?

பதில்: தொழில் நடக்கும் விதத்தை. லெமன் ட்ரீ ஓட்டல்களில் 2007 முதல் செவித்திறன் குறைந்தவர்கள் பணியில் சேர்க்கப்படுகிறார்கள். உடன் வேலை செய்வோர் சைகை மொழி கற்கிறார்கள். இது வழக்கமான தொழிலின் பகுதி என்பதால், வேடிக்கை என்னவென்றால், 135ஆம் பிரிவின் செலவாகக் காட்ட இயலாது. அக்குழுமத்தின் ஃப்ளூர் ஓட்டல்ஸில் நெதர்லாந்தின் ஓய்வூதிய நிதி மேலாளரான ஏபிஜி 2012இல் முதலீடு செய்தது. இந்த ஆளெடுப்பைப் பார்த்துத்தான் அது வந்தது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் நெடுங்காலம் தங்கப்போகும் பணம், ஆட்கள் நிலைத்து நிற்கிறார்களா, ஊரில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டே தீரும். 2018 கோடையில் சிம்லாவின் குழாய்கள் வறண்டு, சுற்றுலாப் பயணிகளை வர வேண்டாமென்று ஊர்மக்களே கேட்டுக்கொண்டது நினைவிருக்கலாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள நிறுவனங்கள், எடுக்கும் நீரின் அளவையும் வேலையைவிட்டு விலகுவோரின் விகிதத்தையும் வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியுள்ளது. நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

மற்றொருவர்: நிதிகள் கேள்வி கேட்கின்றனவா, பேசாமல் இருந்துவிடுகின்றனவா?

பதில்: தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் பங்குதாரர்கள் முன் வைக்கும் எல்லாத் தீர்மானங்களிலும் 2022 ஏப்ரல் முதல் பரஸ்பர நிதிகள் வாக்களித்தாக வேண்டும். எப்படி வாக்களித்தன, ஏன் என்பதை ஒவ்வொரு நிதி நிறுவனமும் காலாண்டுதோறும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது; உங்கள் ஓட்டலின் பெயரை அதில் தேடிப் பாருங்கள்.