தண்டுவடம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தங்கையின் முதல் குழந்தை முதுகுத்தண்டு மூடாமல் பிறந்தது. அடுத்த குழந்தைக்கு, நாள் தள்ளிப்போனதும் ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கினால் போதுமா?

பதில்: போதாது. தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, கருவில் முதலில் ஒரு தட்டையான தகடு. அதன் இரண்டு ஓரமும் எழும்பி ஒட்டிக் குழாயாகும். கழுத்துப் பக்கம் தொடங்கும் இந்த ஒட்டல், கீழ் முனையில் கரு உருவான 28ஆம் நாளுக்குள் முடிந்துவிடும். அதாவது, நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். டாக்டரைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, முதல் மூன்று மாதம் தொடர வேண்டும்.

மற்ற பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம். உங்கள் தங்கைக்கு அது பத்தாது. 4 அல்லது 5 மில்லிகிராம் தேவை, டாக்டர் எழுதித் தர வேண்டும். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட தாய்மார்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தபோது குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அளவைக் கூட்டுவதற்காக மல்டிவைட்டமின் மாத்திரைகளை நாலைந்தாக விழுங்கவே கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்கே கெடுதல். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர் என்றால் கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை எடுத்தாலும் 18–20 வார ஸ்கேனைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி தண்டுவடத்தில் குத்திவிடாதா?

பதில்: மூன்றாம் மாதக் கருவில் தண்டுவடம் முதுகெலும்புக் குழாயின் அடிவரை இருக்கும். பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கிவிடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, 3–4 அல்லது 4–5 முள்ளெலும்புகளின் இடைவெளியில். இடுப்பெலும்புகளின் உச்சிகளை இணைத்துக் கோடு போட்டால் அது ஏறக்குறைய நான்காவது முள்ளெலும்பில் வெட்டும். மயக்க டாக்டர் விரலால் தடவித் தேடுவது அதைத்தான். அங்கே திரவத்தில் மிதக்கும் நரம்பு வேர்கள் பெரும்பாலும் ஊசி முனைக்கு விலகிக்கொடுக்கும். பின்னால் வரக்கூடியது தலைவலி: ஊசித் துளை வழியே திரவம் கசிவதால், எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அப்படி வந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

கேள்வி: முள் குத்தியதும், வலி தெரிவதற்குள் கால் விலகுவது எப்படி?

பதில்: செய்தி பின்வேர் (தண்டுவடத்தின் பின்பக்கம் நுழையும் நரம்பு) வழியாகத் தண்டுவடத்தில் நுழைகிறது, இடைநரம்பணுக்கள் (நடுவில் நின்று செய்தியைக் கைமாற்றும் நரம்பணுக்கள்) மூலம் முன்பக்கம் வெளியேறும் முன்வேருக்கு மாறி, தசைக்குப் போகிறது. மூளைக்கும் செய்தி போகிறது, தாமதமாக. குத்திய கால் மடங்கும்போதே மற்ற கால் விறைத்து உடம்பைத் தாங்குவதும் தண்டுவடத்தின் வேலைதான். அங்குள்ள வேறு சில இடைநரம்பணுக்கள் எதிர்ப்பக்கத்துக்கும் கட்டளை அனுப்புகின்றன.