உசரம், கேபிள், உப்புக்காத்து: ரேடியோ கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஆன்டெனா பத்தித்தான், அதுவும் கடலூர் புதுச்சேரி பக்கத்துலேர்ந்தே நிறைய வந்திருக்கு, அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, போன வருஷம் ஒரு ஸ்கேனர் (பல அலைவரிசையை மாத்தி மாத்தி கேக்குற ரேடியோ) வாங்கினேன். ஹால்ல டிவி ஸ்டாண்டு மேல வச்சு செட்டோட வந்த ரப்பர் ஆன்டெனாவுல கேக்குறேன். 145 மெகாஹெர்ட்ஸ்ல ஹாம்காரங்க (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறவங்க) பேசுறது எப்பவாச்சும் கரகரன்னு வருது, விமானம் பேசுறது சுத்தமா வரல. இதைவிட விலை கூடுன செட்டு வாங்கினா சரியாயிடுமா?
(ஒரு வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்)

தம்பி, செட்டை மாத்தாதீங்க. கையில இருக்குற செட்டே போதும், அதுக்கு சிக்னல் போய்ச் சேரலங்கறதுதான் பிரச்சனை.

அந்த ரப்பர் ஆன்டெனா, அரை மீட்டர் நீளம் இருக்க வேண்டிய கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுத்தி ஒரு சாண் அளவுக்கு சுருக்கினது. கையில வச்சுக்கிட்டு நடக்கத்தான் அது லாயக்கு. அதையும் நாலு பக்கம் சுவரு, மேல கம்பி கட்டுன கான்கிரீட்டு, இதுக்கு நடுவுல வச்சா என்னதான் கேக்கும் சொல்லுங்க. பத்து பைசா செலவில்லாம இன்னிக்கு சாயங்காலமே ஒண்ணு பண்ணுங்க, அதே செட்டை அதே ஆன்டெனாவோட எடுத்துட்டு மொட்டைமாடிக்கு போய் தண்ணி டேங்க் பக்கத்துல நின்னு கேளுங்க. வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஏன்னா இந்த 100, 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட கண்ணுக்கு தெரியுற மாதிரி நேர்கோட்டுல போறது, பூமி வளைஞ்சு இறங்குற இடத்துல அது மேல போயிடும். இதுக்கு ஒரு சுளுவான கணக்கு இருக்கு, ஆன்டெனா எத்தனை மீட்டர் உசரத்துல இருக்கோ அதோட வர்க்கமூலத்தை நாலால பெருக்குங்க, அத்தனை கிலோமீட்டர்தான் அதோட எல்லை. தரையிலேர்ந்து ஒரு மீட்டர்ல டிவி ஸ்டாண்டு மேல வச்சா 4 கிலோமீட்டர். மொட்டைமாடியில 9 மீட்டர்னா 12. அங்கயே ஒரு பைப் நட்டு 16 மீட்டர் ஆக்குனா 16. பேசுறவரோட ஆன்டெனாவுக்கும் இதே கணக்கு போட்டு ரெண்டையும் கூட்டிக்கணும். விமானம் 10,000 மீட்டர் மேல பறக்குது பாருங்க, அதுக்கு மட்டுமே 400 கிலோமீட்டர் வந்துடுது, அப்படின்னா பெங்களூரு மேல போற விமானம் பேசுறதை உங்க தெருவுலேர்ந்து கேக்க முடியும். விமானம் பேசுறது 118லேர்ந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ஆனா அது ஏஎம். செட்டு எஃப்எம் மோடுல இருந்தா வார்த்தை புரியாது, அதையும் ஒருதடவை பாத்துடுங்க.

கேள்வி: சார், ரெடிமேட் ஆன்டெனா வாங்க வசதியில்ல, நானே செஞ்சுக்க முடியுமா? சால்டரிங் கொஞ்சம் தெரியும்.
(ஒரு கல்லூரி மாணவி, வில்லியனூர்)

தாராளமா முடியும்மா, நான் மொதமொதல்ல செஞ்சதும் இதுதான், கிரவுண்ட் பிளேன்னு சொல்லுவாங்க.

எலக்ட்ரிக் கடையில 10 கேஜ் செம்புக்கம்பி மூணு மூணேகால் மீட்டர் வாங்குங்க, கூடவே நாலு மூலையிலயும் ஓட்டை இருக்குற சதுர வடிவ எஸ்ஓ-239 சாக்கெட் ஒண்ணு, 3 எம்எம் பித்தளை போல்ட்டு நட்டு நாலு செட்டு. கம்பியை அஞ்சு துண்டா வெட்டணும், ஒண்ணு நடுக்கம்பி, மத்த நாலு அதைச் சுத்தி வர்றது. நடுக்கம்பி நீளத்துக்கு கணக்கு இது: 7125ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா சென்டிமீட்டர்ல வரும். 145க்கு 49 சென்டிமீட்டர், விமானத்துக்கு நடு அலைவரிசையா 125 வச்சா 57. நடுக்கம்பியை சாக்கெட்டோட நடு முனையில நட்டுக்குத்தலா நிக்கவச்சு சால்டர் பண்ணணும். கம்பி தடிமனா இருக்கறதால சின்ன அயர்ன்ல சூடு ஏறாது, ஈயம் உருண்டை உருண்டையா ஒட்டாம நிக்கும், அப்படி நின்னா அது கோல்ட் ஜாயிண்ட், ஆட்டினா வந்துடும். அதனால கம்பி நுனியை மொதல்ல உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு, 60 வாட்டோ அதுக்கு மேலயோ இருக்குற அயர்னை கம்பியிலயே வச்சு சூடாக்குங்க, ஈயம் தண்ணி மாதிரி வழிஞ்சு உள்ள இறங்கும், அதுதான் கணக்கு. மத்த நாலு கம்பி ஒவ்வொண்ணும் அஞ்சு சதவீதம் கூட, அதாவது 145க்கு 51, 52 சென்டிமீட்டர். நுனியில ஒரு வளையம் போட்டு நாலு மூலையிலயும் போல்ட்டு மாட்டி, எல்லாத்தையும் 45 டிகிரி கீழ பாக்க வளைச்சுடுங்க, குடைக்கம்பி மாதிரி இருக்கும். அப்படி வளைக்கறது எதுக்குன்னா, மட்டமா விட்டா ஆன்டெனாவோட ஓம் (சிக்னலுக்கு அது காட்டுற எதிர்ப்பு) கிட்டத்தட்ட 36தான் இருக்கும், கீழ சாய்ச்சா செட்டுக்கு தேவையான 50க்கு வரும்.

கேபிளை ஒரு இஞ்ச் பிவிசி பைப்புக்குள்ள விட்டு, பைப் மேலயே சாக்கெட்டை உக்கார வச்சுடலாம். நடுக்கம்பி நேரா நிக்கணும், படுக்கப் போடாதீங்க. விமானம், ஹாம் எஃப்எம் எல்லாமே செங்குத்தா அனுப்புறாங்க, நம்ம கம்பி படுத்திருந்தா சிக்னல் நூத்துல ஒரு பங்கா கூட விழுந்துடும்.

இதே ஆன்டெனாவுல 145.800ல சர்வதேச விண்வெளி நிலையத்தை கேட்டுப் பாரும்மா. ஒரு சுத்துக்கு தொண்ணூறு நிமிஷம் சொச்சம், நம்ம தலைக்கு மேல வந்தா பத்து நிமிஷம் இருக்கும், விண்வெளி வீரருங்க பள்ளிக்கூட பிள்ளைங்களோட பேசுறதெல்லாம் இந்த அலைவரிசையிலதான். சுமார் 400 கிலோமீட்டர் உசரத்துலேர்ந்து ஒரு மனுஷன் குரல், நம்ம கையால வளைச்ச கம்பியில வந்து விழுது. எனக்கு அது மொதல் தடவை கேட்ட அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

கேள்வி: அண்ணா, மாடியில ஆன்டெனா ஏத்தி 30 மீட்டர் கேபிள் இழுத்து கீழ ரூம்ல செட்டுக்கு கொடுத்தேன். மொதல்ல பரவாயில்லாம இருந்துச்சு, ஒரே மழைக்காலத்துல எல்லாம் போச்சு. பூஸ்டர் போட்டும் பலனில்ல.
(ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

உங்க லெட்டர்ல ரெண்டு பிரச்சனை இருக்கு. கேபிள் "மெல்லிசு கறுப்பு, ஆர்ஜி-58"ன்னு எழுதியிருக்கீங்க. அது 150 மெகாஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு 20 டெசிபெல் கிட்ட தின்னும், உங்க 30 மீட்டருக்கு 6 டெசிபெல், அதாவது ஆன்டெனா புடிச்சதுல கால்வாசிதான் கீழ வந்து சேருது. விமானங்க தன்னோட இடத்தை சொல்லி அனுப்புற 1090 மெகாஹெர்ட்ஸ்ல நூத்துக்கு ரெண்டோ மூணோதான் மிஞ்சும். அதுக்கு பதிலா டிஷ் டிவிக்காரங்க போடுற ஆர்ஜி-6 கேபிளை போடுங்க, அதே 30 மீட்டருக்கு 150ல பாதிக்கு மேல வந்துடும். அது 75 ஓம் ஆச்சே, செட்டு 50 ஓம் ஆச்சேன்னு நிறைய பேரு பயப்படுறாங்க, கேக்கறதுக்கு மட்டும்னா அந்த நஷ்டம் கால் டெசிபெல் கூட இல்ல. பூஸ்டரை செட்டு பக்கத்துல வச்சா வழியில தொலைஞ்சது திரும்பி வராது, இரைச்சலும் சேந்து பெருசாகும், போடறதா இருந்தா ஆன்டெனா அடியிலதான் போடணும். அதுவும் கேபிளை சரி பண்ணினப்புறம்.

ரெண்டாவது பிரச்சனை நம்ம கடல் காத்து. குருசுக்குப்பத்துல ஒரு நண்பர் வீட்டுல இதே மாதிரி புகார், போய் பாத்தேன். கனெக்டர் மேல கறுப்பு டேப்பு அழகா சுத்தியிருந்துச்சு. பிரிச்சா உள்ள பச்சை பச்சையா களிம்பு. அரை அடி வெட்டினேன், உள்ள பின்னல் கம்பி கறுப்பா இருந்துச்சு, இன்னும் ஒரு அடி வெட்டினேன், அப்பவும் கறுப்பு, விரல்ல தேச்சா ஈரம். விளக்குத்திரி எண்ணெய் இழுக்கற மாதிரி அந்த பின்னல் உப்புத்தண்ணியை இழுத்துக்கிட்டே போயிருக்கு. கடைசியில ரெண்டு மீட்டர் தாண்டித்தான் செம்பு நெறம் தெரிஞ்சுது. உங்க கேபிளும் அப்படித்தான் இருக்கும்னு எனக்கு பலமா தோணுது, நுனியை வெட்டி பாத்துடுங்க.

சாதா பிவிசி டேப்பு நம்ம ஊர் வெயில்ல ஒரே வருஷத்துல பசை விட்டுடும். தன்னோட தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பு இருக்கு, அதை இழுத்து இழுத்து கீழேர்ந்து மேல சுத்தி அது மேல பிவிசி டேப்பு போடுங்க. சிலிகான் பூசறதா இருந்தா மோந்து பாருங்க, வினிகர் மாதிரி நாத்தம் அடிச்சா வேணாம், அந்த அமிலமே செம்பை அரிச்சுடும். கேபிள் ஜன்னல்ல நுழையற எடத்துல ஒரு தொங்கல் விட்டு உள்ள கொண்டுவாங்க, மழைத்தண்ணி அந்த தொங்கல்லயே சொட்டிடும். நம்ம பக்கம் கடலோரத்துல இருக்கறவங்க வருஷத்துக்கு ஒருதடவை ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி கனெக்டரை பிரிச்சு பாத்தே ஆகணும்.

கேள்வி: சாயங்காலம் ஏழு மணி ஆனா செட்டுல ஒரே கொர்ர்ர்ர் சத்தம். பகல்ல இல்ல.
(ஒரு வாசகர், செம்மண்டலம், கடலூர்)

விளக்கு போடுற நேரம் பாருங்க. விலை கம்மி எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இதுங்கதான் காரணமா இருக்கும். செட்டை பேட்டரியில போட்டுட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க, சத்தம் நின்னா திருடன் நம்ம வீட்டுலயே இருக்கான், ஒவ்வொரு சுவிட்சா போட்டு யாருன்னு புடிச்சுடலாம். எனக்கு அது பூஜை ரூம்ல இருந்த சீரியல் லைட்டோட அடாப்டரா இருந்துச்சு. அடாப்டர் ஒயர்ல ஃபெரைட் மணி (ஒயரைச் சுத்தி மாட்டுற கறுப்பு வளையம்) மாட்டினா குறையும். மெயினை ஆஃப் பண்ணியும் நிக்கலன்னா பக்கத்து வீடு, இல்லைன்னா கம்பத்து லைட்டு, அதுக்கு ஆன்டெனாவை இன்னும் தள்ளி உசரத்துல வைக்கறது தவிர பெரிசா வழியில்ல.

கேள்வி: ஏப்ரல், மே மாசத்துல சில ராத்திரி இலங்கை எஃப்எம் தெளிவா வருது, மறுநாள் இல்ல. செட்டு கோளாறா?
(ஒரு வாசகர், கடலூர் ஓ.டி.)

கோளாறு இல்லீங்க, கடல் மேல ஈரமான குளிர்ந்த காத்தும் அதுக்கு மேல சூடான காத்தும் அடுக்கா நின்னுச்சுன்னா அலை அதுக்குள்ள மாட்டிக்கிட்டு குழாய்க்குள்ள போற மாதிரி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் போகும். மேல சொன்ன உசரக் கணக்கெல்லாம் அன்னிக்கு செல்லாது. கடலோரத்துல குடியிருக்கறதுக்கு கிடைச்ச வரம் அது, நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க.

கேள்வி: நல்ல ஆன்டெனா போட்டா போலீஸ் வயர்லெஸ் கேக்கலாமா?
(ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்)

கூடாது. தொழில்நுட்பம் வேற, சட்டம் வேற. வயர்லெஸ் செட்டு வச்சுக்க லைசென்ஸ் வேணும்னு 1933லேயே நம்ம நாட்டுல சட்டம் வந்துடுச்சு, அடுத்தவங்களுக்குன்னு போற பேச்சை ஒட்டுக்கேக்கறது தப்பு, அதை வாட்ஸ்அப்ல போடறது அதைவிட பெரிய தப்பு, ஒரு மீட்பு வேலையே கெட்டுப்போகும். ரேடியோ மேல உண்மையான ஆசை இருந்தா ஹாம் பரீட்சை எழுதுங்க, 12 வயசு முடிஞ்சா போதும். 2004 சுனாமியில அந்தமான் போர்ட் பிளேர்ல லைன் எல்லாம் அறுந்தப்போ, ஹாம் நிகழ்ச்சிக்காக அங்க போயிருந்த பாரதி பிரசாத் குழுதான் செட்டை போட்டு சேதி அனுப்புச்சு. அந்த மாதிரி ஒரு நாளைக்கு உதவற ஆளா நீங்க இருக்கணும்னு ஆசைப்படறேன்.

கேள்வி: புயல் வருதுன்னா ஆன்டெனாவை எறக்கணுமா? எறக்கினா செய்தி எப்படி கேக்கறது?
(ஒரு வாசகி, அரியாங்குப்பம்)

எறக்கிடுங்கம்மா. 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் நமக்கு நேரா வந்து கரை ஏறுச்சே, அதுக்கு முந்தின ராத்திரி "இது என்ன பண்ணிடும்"னு நான் எறக்காம படுத்தேன். காலையில பைப்பு முறிஞ்சு பக்கத்து வீட்டு ஓட்டு மேல கெடந்துச்சு, நாலு ஓடு போச்சு. அந்த நேரம் அங்க ஒரு குழந்தை வெளிய நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நெனச்சா வயித்தை கலக்குது. துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டாங்கன்னு சேதி வந்த உடனே, காத்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எறக்குங்க, ஒருத்தர் பைப்பை புடிக்க ஒருத்தர் கிளாம்ப் கழட்ட, இருபது நிமிஷ வேலை. கரண்ட் கம்பி பக்கமா பைப்பு சாயற எடத்துல ஆன்டெனாவை எப்பவுமே நடாதீங்க, விழுந்தா எட்டாத தூரம் விட்டு நடுங்க. இடி மின்னல்னா செட்டுலேர்ந்து கேபிளை உருவி ஜன்னலுக்கு வெளியவே போட்டுடுங்க, எர்த் போட்டிருந்தாலும் உருவணும்.

எறக்கின ஆன்டெனாவை பரண்ல போடாம, ஜன்னல் உள்பக்கம் கம்பி இல்லாத எடமா பாத்து ஒரு ஆணியில தொங்கவிட்டு செட்டுக்கு கொடுங்க, மாடி அளவுக்கு வராது, ஆனா ரப்பர் ஆன்டெனாவை விட நல்லாவே வரும். புயல் செய்திக்கு ஸ்கேனரே வேணாம், பேட்டரி போட்ட சாதா எஃப்எம் ரேடியோவுல ஆகாசவாணி புதுச்சேரி 102.8ல வரும், அதுக்கு ரெண்டு செட்டு பேட்டரி புதுசா வாங்கி பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி வச்சுடுங்க.