ஹெக்ஸ்: முதலில் வைப்பவரே வெல்வாரா?

ஐயா, வணக்கம்.

கொஞ்ச நாளாக ஃபோனில் ஹெக்ஸ் ஆடுகிறேன். நானே முதல் காய் வைத்தால் கணினியைப் பெரும்பாலும் ஜெயித்துவிடுகிறேன். தப்பாக வைத்துவிட்டால் அன்டூ இருக்கிறது. அக்காவோடு ஆடும்போது அன்டூவுக்கு அவள் விடுவதில்லை, தோற்றுப்போகிறேன். சரியாக ஆடினால் முதலில் வைப்பவர்தான் வெல்வார் என்று கணிதத்தில் நிரூபித்திருக்கிறார்களாம். முடிவு தெரிந்த ஆட்டத்தை ஏன் ஆட வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. சாய்சதுரப் பலகை முழுக்க அறுகோணக் கட்டங்கள். இருவரும் மாறி மாறி ஒரு காய் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது, வெட்டும் படாது. எதிரெதிராக இருக்கும் தன் நிறக் கரைகள் இரண்டையும் தன் காய்களால் முதலில் இணைப்பவருக்கு வெற்றி. 1942இல் டென்மார்க்கில் பீட் ஹைன் இதை வெளியிட்டார். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் ஜான் நாஷ் தானாகவே இதே ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்.

நீங்கள் கேள்விப்பட்ட நிரூபணம் நாஷுடையது. ஹெக்ஸில் சமன் கிடையாது, யாராவது ஒருவர் இணைத்தே தீர்வார். இரண்டாமவரிடம் கட்டாயம் வெல்லும் வழி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் எங்காவது ஒரு காயைப் போட்டுவிட்டு, அதே வழியைத் தான் பிடித்துக்கொள்ளலாம். பலகையில் ஒரு காய் கூடுதலாக இருப்பதால் அவருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அப்படியானால் இருவருமே வென்றாக வேண்டும், அது நடக்காது. ஆக, இரண்டாமவரிடம் அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது; சமனும் இல்லாததால் வெல்லும் வழி முதலாமவரிடம்தான். எவ்வளவு அழகான வாதம்! ஆனால் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று இதில் ஒரு சொல்கூட இல்லை. 9×9 பலகையின் எல்லாத் தொடக்கங்களையும் கணினிகள் தீர்த்துவிட்டன. வழக்கமான 11×11இல், 121 கட்டங்களுக்கு முன்னால், நிரூபணத்தை அறிந்தவரும் அறியாதவரும் ஒரே இருட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் காயின் அனுகூலத்துக்கும் மருந்து உண்டு. முதல் காய் விழுந்ததும், அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டாமவர் முடிவு செய்யலாம். பல செயலிகளில் இந்த மாற்றிக்கொள்ளும் விதி அமைப்புகளில் இருக்கும். அதைப் போட்டபின் நடுக்கட்டத்தில் வைத்துப் பாருங்கள், அக்கா உடனே அதைத் தனதாக்கிக்கொள்வார். அதிக பலமும் இல்லாத, வீணாகவும் போகாத ஒரு கட்டத்தைத் தேட வேண்டிவரும். எனக்கு ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியது அன்டூதான். ஹெக்ஸில் தப்பு விழுந்த இடத்தில் தெரியாது, நான்கைந்து காய் கழித்துத்தான் வலிக்கும். கடைசிக் காயை மட்டும் திரும்ப எடுத்தால் உண்மையான தப்பு பலகையிலேயே கிடக்கும். அதை அப்படியே விட்டு, தோற்றபின் ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

எதைத் தேடுவது? பெரும்பாலும் எதிராளியின் காயை ஒட்டியே தடுத்திருப்பீர்கள். ஒட்டி வைத்த காயை அவர் சுலபமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மூன்று கட்டம் தள்ளி, அவர் வரப்போகும் வழியில் நிற்க வேண்டும். அப்புறம் பாலம். உங்கள் காய்கள் இரண்டு ஒன்றையொன்று தொடவில்லை, ஆனால் இரண்டையும் தொடும் காலிக் கட்டங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் அவர் நுழைந்தால் மற்றதில் நீங்கள் வைத்துவிடலாம். எனவே அது ஏற்கெனவே இணைந்த மாதிரிதான். கரையிலிருந்து இரண்டாவது வரிசையில் நிற்கும் காய்க்கும், கரைப் பக்கம் அதைத் தொடும் இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் இதே கணக்கு. கரை வரை போய் முட்ட வேண்டியதில்லை, அந்தக் காயை வேறிடத்தில் செலவிடலாம்.

அக்காவோடு ஆடுவதை விட்டுவிடாதீர்கள். ஃபோனை மேஜையில் கிடத்தி, அடுத்த ஆட்டத்தில் அவரையே முதலில் வைக்கச் சொல்லுங்கள். 11×11இல் கட்டங்கள் விரலுக்குச் சிறிதாகி, பக்கத்துக் கட்டத்தில் காய் விழுகிறது என்றால் 9×9க்கு இறங்கலாம். மாற்றிக்கொள்ளும் விதி அங்கேயும் இருக்கட்டும்.