காலையில் வாங்கி மாலையில் பரிமாறலாமா?

கேள்வி: வீட்டு விருந்துக்கான உணவை உணவகத்தில் காலையிலேயே வாங்கி மூடி வைத்து, மாலையில் சூடுபடுத்திப் பரிமாறலாமா?

பதில்: வெளியே வைத்திருப்பதானால் கூடாது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுவதால், சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. சில நுண்ணுயிரிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. பொட்டலம் வீடு வந்து சேரும் நேரமும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கெடுதல் செய்யும் உணவும் நன்றாகவே மணக்கலாம். ஆகவே, வந்தவுடன் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பரிமாறும் முன் உட்பகுதியும் 70 டிகிரியைத் தாண்டும்படி சூடாக்குங்கள்.